இரண்டாவது அடி

செங்கழனி நாதா திருவடியே காப்பாக
இங்கெழுதும் ஏட்டில் இடறாமல் – தங்கியென்
கைபிடிப்பாய் ஐயா, கணப்பொழுதும் என்னுள்ளே
பொய்பிடிக்கா வண்ணம் புகுந்து.

சித்திரை 11, புதன்

நாளை தேர். வெயில் ஏறுமுன் கோயிலுக்குச் சென்று ஒலிபெருக்கியைச் சோதித்தேன். திருச்செங்கழனித் தேரோட்டத்தில் அறிவிப்புச் செய்வதும், தேர் நகரும்போது உடன் நடந்து பதிகம் பாடுவதும் முப்பத்தோராவது ஆண்டாக என் பொறுப்பு. “அன்பர்களே, கயிற்று வேலிக்குள் எவரும் காலடி வைக்கற்க, சக்கரத்தருகே எவரும் குனியற்க” என்னும் வாசகத்தை இவ்வூரில் கைக்குழந்தையும் அறியும்.

மாலை நூலகத்தில் ஒழுக்கமும் உடல்நலமும் பற்றிப் பேசினேன். எழுபத்து நான்கு வயதில் என் பல்வரிசையைக் கண்டு அவையோர் வியந்தனர். வேப்பங்குச்சியின் பெருமையை விரித்துரைத்தேன். பின்வரிசையில் இருந்த என் மனைவி தையல்நாயகிக்கு அப்போது ஏனோ இருமல் வந்தது.

கடைத்தெரு மருத்துவர் “ஒரு நிமிட வேலைதான், வந்து இறுக்கிக்கொண்டு போங்கள்” என்று மறுபடி சொல்லியனுப்பியிருந்தார். தேர் முடியட்டும்.

சித்திரை 12, வியாழன்

தேர் ஓடிற்று. என் இடக்கை மணிக்கட்டு முறிந்தது. மற்றவை பின்னர்.

சித்திரை 13, வெள்ளி

மாவுக்கட்டுப் போட்டாயிற்று. வலக்கை நலமாயிருப்பதால் எழுத்துக்குக் குறைவில்லை.

நடந்தது இது. தெற்கு வீதித் திருப்பத்தில் நான் சக்கரத்தருகே குனிந்தேன். பாதுகாப்புக்கு நின்ற பெண் காவலர் ஒருத்தி தடியால் என் கையில் இருமுறை அடித்து, தோளைப் பற்றி இழுத்து வெளியே தள்ளினாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து எவரோ கைப்பேசியில் எடுத்த பதினொரு விநாடிப் படம் ஊரெங்கும் பரவிவிட்டது. அதில் குனிந்த கிழவன் தெரிகிறான். ஓங்கிய தடி தெரிகிறது. சக்கரத்தைத் தேர்ச்சீலை மறைத்துவிட்டது. பேச்சொலிக்குப் பதிலாகச் சோகமான வயலின் இசை சேர்த்திருக்கிறார்கள்.

பகல் முழுதும் விருந்தினர். ஆப்பிள் மட்டும் ஒரு கூடை சேர்ந்தது. நான் துண்டால் வாயைப் பொத்தியபடி தலையசைத்து வணங்கினேன். “அடி வாங்கியும் என்ன பணிவு பாருங்க!” என்று வந்தவர்கள் உருகினார்கள்.

“ஆப்பிளை நறுக்கித் தரட்டுமா?” என்று தையல்நாயகி எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்.

வேண்டாமென்று கையசைத்தேன்.

“அதிர்ச்சியில அவருக்கு எதையும் கடிக்கப் பிடிக்கலீங்க,” என்று அவளே விளக்கமும் சொன்னாள். இல்லறம் என்பது நுட்பமான அறம்.

சித்திரை 14, சனி

பக்தர் பேரவைச் செயலாளர் கலியமூர்த்தி சுவரொட்டி அடித்துவிட்டார்: ‘சக்கரத் திருமண் எடுத்து நெற்றியில் இட முனைந்த முதுபெரும் புலவர் மாசிலாமணி மீது கொடுந்தாக்குதல்! காவலரைப் பணிநீக்கம் செய்!’ என் படம் பதினைந்து ஆண்டு பழையது, நன்றாகவே இருக்கிறது.

தேர்ச்சக்கரம் உருண்ட தடத்து மண்ணை நெற்றியில் இடுவது இவ்வூர் வழக்கம். ஆனால் தேர் கடந்தபின்தான் எடுப்பார்கள். நான் அதற்காகக் குனிந்ததாக எவரிடமும் சொல்லவில்லை. அவர்களே அவ்வாறு கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

சித்திரை 15, ஞாயிறு

மூவேளையும் குழைந்த சோறு, ரசம். முருங்கைக்காய் சாம்பாரின் மணம் அடுக்களையிலிருந்து வந்தது. புலனடக்கம் நல்லது.

சித்திரை 16, திங்கள்

துணைக் கண்காணிப்பாளர் நல்லதம்பி விசாரணைக்கு வீட்டுக்கே வந்தார். மெலிந்த மனிதர், காலணியை வாசலில் கழற்றிவிட்டு வந்தது எனக்குப் பிடித்தது. என் மருமகன் வழக்கறிஞர் பரஞ்சோதியும் உடனிருந்தார்.

“ஐயா, குனிஞ்சது எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

துண்டுக்குள்ளிருந்து, “மண்ணெடுக்க,” என்றேன்.

இதோ எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லை நானே சொன்னேன்.

“சரிங்கய்யா. சக்கரத்துக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்?”

“ஒரு முழம் இருக்கலாம்.”

“அப்ப முதல் அடிய ஒருமாதிரி ஏத்துக்கலாம். ஒரு முழத்துல தேர் வந்துட்டிருக்கு, கையை எடுக்க வைக்கணும். ரெண்டாவது அடி எதுக்கு?”

“நினைவில்லை.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பரஞ்சோதி உற்சாகமாகிவிட்டார். “அதான் சார் எங்க கேள்வியும். மண்ணெடுத்தாச்சு, அடியும் வாங்கியாச்சு, கை வெளிய வந்தாச்சு. அதுக்கப்புறம் அடிச்சா அதுக்குப் பேரு என்ன?”

“அதுக்குப் பேரு வன்முறை,” என்றார் நல்லதம்பி. “நான் மறுக்கலையே. ரெண்டாவது அடிக்குக் காரணம் இல்லேன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடும். சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. பணி இன்னும் நிரந்தரமாகல. மேல வழக்கும் வரும்.”

அவள் பெயர் அஞ்சுகம். இருபத்தாறு வயது. இப்போது பணியிடை நீக்கத்தில் இருக்கிறாள்.

எழும்போது, “காவலர் எப்போது கை ஓங்கலாம் என்பதற்கு உங்களிடம் நூல் ஏதும் உண்டா?” என்று கேட்டேன். நல்லதம்பி வியந்து, பயிற்சிப் பள்ளிக் கையேடு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நூல் என்றால் எனக்குப் பசி, அவ்வளவே.

சித்திரை 17, செவ்வாய்

கையேட்டை நீராடித் திருநீறிட்டுப் படிக்கத் தொடங்கினேன். அச்சு மோசம், கருத்து உயர்வு.

செங்கோலைப் பற்றிப் பெரியோர் மொழிந்தவை நெஞ்சில் ஊறியவன் நான். நாற்றைக் காக்கக் களை பறிப்பதும், களை என்று சொல்லி நாற்றையே மிதிப்பதும் ஒன்றல்ல என்பதை அறுபதாண்டுகளாகப் பிறருக்குச் சொல்லி வருகிறேன். இக்கையேடோ அணியலங்காரம் எதுவுமின்றி அதையே சொல்கிறது. முதலில் சொல்லால் தடு. சொல் பயன்படாவிடில் கையால் தடு. கையும் பயன்படாவிடில் மட்டுமே தடியை எடு; எடுத்தாலும் தலையிலும் கழுத்தெலும்பிலும் படலாகாது. தேவைக்கு மேல் ஓர் அடியும் கூடாது. தேவை நின்ற கணத்தில் தடியும் நிற்கவேண்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் கீழ் பென்சிலால் கோடிட்டேன். தேவை நின்ற கணம் எது என்பதைக் கண்டறிவதே கடினம் என்று ஓரத்தில் குறித்தேன்.

தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். “போலீசு வேலைக்கு மனு போடப் போறீங்களா?”

“ஆராய்கிறேன்.”

“ஆராய்ங்க. அந்தப் பொண்ணு உங்களை மொதல்ல கூப்பிட்டாளா இல்லையான்னு அதுல போட்டிருக்கா?”

பக்கத்தைத் திருப்பினேன்.

கூப்பிட்டாள். “ஐயா, சக்கரம்! ஐயா, எந்திரிங்க!” என்று இருமுறை. மேளம் ஒலித்தது உண்மை. ஆயினும் எனக்குக் கேட்டது.

சித்திரை 18, புதன்

மழை வரும்போலிருந்தது, வரவில்லை.

சித்திரை 19, வியாழன்

காலை பத்து மணிக்குக் கோயில். தெற்குப் பிராகாரத்தில் பருத்திச் சேலை உடுத்த ஒரு பெண் வலம் வந்துகொண்டிருந்தாள். சீருடை இன்மையால் அருகில் வரும்வரை அடையாளம் தெரியவில்லை. அஞ்சுகம். ஒதுங்க நினைத்தேன். மிக அகலமான தூண் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. காலந்தாழ்ந்துவிட்டது.

“கை எப்படிங்கய்யா இருக்கு?”

“ம்.”

“வலி இருக்கா?”

துண்டால் வாயைப் பொத்தியபடி தலையசைத்தேன். அந்தப் பணிவில் அவள் மயங்கியதாகத் தெரியவில்லை.

“விசாரணை முடியிற வரைக்கும் உங்ககூட பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கையை மட்டும் கேட்டுட்டுப் போலாம்னு…” அவள் பாதியில் நிறுத்திக்கொண்டு, திருநீற்றைத் தூணில் கொட்டாமல் தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

என்னை நொந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக உறங்கியிருப்பேன்.

சித்திரை 20, வெள்ளி

பரஞ்சோதி மதிய உணவுக்கு வந்தார். அஞ்சுகம் எழுதிக் கொடுத்த விளக்கத்தின் நகல் அவரிடம் இருந்தது.

“கேளுங்க மாமா, எப்படிப் பூசி மெழுகியிருக்கான்னு. ‘முதல் அடியில் பெரியவர் கையை எடுத்தார். உடனே மீண்டும் கையைச் சக்கரத்தின் கீழ் நீட்டினார். அதனால் இரண்டாம் முறை அடித்தேன்.’ யாராவது நம்புவாங்களா? அடி வாங்கின மனுஷன் ஒரு பிடி மண்ணுக்காக மறுபடியும் கையை விடுவானா?”

“விடமாட்டான்,” என்றாள் தையல்நாயகி, மோரை ஊற்றியபடி. “மண்ணுக்காக விடமாட்டான்.”

“அதத்தான் அத்தை நானும் சொல்றேன். வேற யாரும் அதைப் பார்க்கல. அவ பொய் சொல்றாங்கிறதுக்கு இந்த வரியே போதும். செவ்வாய்க்கிழமை விசாரணையில மாமா ‘கை மறுபடி போகல’ன்னு ஒரே வார்த்தை சொன்னா முடிஞ்சுது.”

அவர் சென்றபின் தையல்நாயகி எதிரே அமர்ந்தாள்.

“ஏங்க, ஊருக்கு நீங்க புலவர். எனக்கு ராத்திரி கிண்ணத்துல தண்ணி ஊத்தி வைக்கச் சொல்ற மனுஷன். எட்டு நாளா அந்தக் கிண்ணம் காலியா இருக்கு. நான் ஏதாச்சும் கேட்டேனா?”

“கேட்கவில்லை.”

“இனிமேயும் கேக்கமாட்டேன். அந்தப் பொண்ணைப் பெத்தவளும் என்னைமாதிரி ஒருத்தி. அவ்வளவுதான்.”

சித்திரை 22, ஞாயிறு

இந்த ஏட்டின் முதற்பக்கத்தில் காப்புச் செய்யுள் பாடிவிட்டுப் பத்து நாள் சுற்றி வளைத்திருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

தெற்கு வீதித் திருப்பத்தில், பதிகத்தின் உச்ச வரியில் நான் குரலை உயர்த்தியபோது என் மேற்பல்செட்டுக் கழன்று விழுந்தது. ஆறு பற்கள். சக்கரத்துக்கு முன்னே, கயிற்று வேலிக்கு உள்ளே, சிவந்த மண்ணில் சிரித்துக்கொண்டு கிடந்தன. முந்தைய நாள்தான் நூலகத்தில் வேப்பங்குச்சிப் பேச்சு. எண்ணிப் பார்க்க நேரமில்லை. வலக்கையில் ஒலிவாங்கி; ஒலியை அணைத்தேன். இடக்கையை நீட்டிக் குனிந்தேன்.

அஞ்சுகம் கூப்பிட்டாள். பிறகு தோளைப் பற்றினாள். நான் உதறினேன். உதறியது மட்டுமன்று, ஒரு சொல்லும் சொன்னேன். அதை எழுதப் பேனா கூசுகிறது. செவ்வாயன்று வாய் கூசாதிருக்க வேண்டும். அதற்குப் பின்னரே முதல் அடி. கையை எடுத்தேன். பற்கள் அங்கேயே கிடந்தன. சக்கரம் ஒரு சாண் தொலைவில் இருந்தது. மறுபடியும் கையை நீட்டினேன். இரண்டாவது அடி. மணிக்கட்டு முறிந்தது, அவள் இழுத்தாள், நான் மல்லாந்து விழுந்தேன். சக்கரம் ஏறிச் சென்றது. நறுக்கென்று ஓர் ஒலி கேட்டது. என் விரல்கள் ஐந்தும் இருந்தன.

சொல், கை, தடி, நிறுத்தம். கையேட்டின் வரிசை எங்கும் பிறழவில்லை. படிப்படியாக ஏறியவள் அவள். ஒவ்வொரு படியிலும் அவளை ஏற்றியவன் நான்.

சித்திரை 24, செவ்வாய்

பயணியர் விடுதியில் விசாரணை. மேசைக்கு அப்பால் நல்லதம்பி, பக்கத்தில் எழுத்தர். சுவரோரம் சீருடையின்றி அஞ்சுகம். கலியமூர்த்தி பேரவையின் சார்பில் பன்னிரண்டு பேரை அழைத்து வந்திருந்தார். ஒருவர் கையில் எனக்கு மாலை. தையல்நாயகி அழையாமலே வந்து முன்வரிசையில் அமர்ந்தாள்.

“ஐயா, கை மறுபடி சக்கரத்துக்குக் கீழ போச்சா?”

“போயிற்று,” என்றேன்.

பரஞ்சோதி எழுந்துவிட்டார். “மாமா! நல்லா யோசிச்சுச் சொல்லுங்க!”

“யோசித்துத்தான் பன்னிரண்டு நாள் ஆயிற்று. உட்காருங்கள் மாப்பிள்ளை.”

“எதுக்குப் போச்சு?” என்று கேட்டார் நல்லதம்பி.

துண்டை வாயிலிருந்து எடுத்து மடித்து மேசைமேல் வைத்தேன். வாயைத் திறந்து காட்டினேன். எழுத்தர் எட்டிப் பார்த்தார். பேனாவை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“இதற்காக,” என்றேன்.

பின்வரிசையில் ஒருவர், “அப்ப அந்த வேப்பங்குச்சி?” என்றார். சிரிப்பு வெடித்தது. கலியமூர்த்தி, “அமைதி, அமைதி!” என்று கத்தினார்; அவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. மாலை வைத்திருந்தவர் அதை மெல்லப் பின்னால் மறைத்தார்.

சிரிப்பு அடங்கியபின் எஞ்சியதையும் சொன்னேன். இருமுறை கூப்பிட்டதும், அது என் காதில் விழுந்ததும், தோளைத் தொட்டதும். “அப்போது நான் அவரைப் பார்த்து, ‘சாமி காரியத்துல பொம்பளை கையை வைக்காதே, தள்ளிப் போ’ என்றேன்,” என்று சொன்னேன். இதற்கு எவரும் சிரிக்கவில்லை. தையல்நாயகி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். இது அவளுக்கும் புதிது. பல்செட்டை அறிந்தவள் இதை அறிந்திருக்கவில்லை.

“அம்மா, அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன்,” என்று அஞ்சுகத்தை நோக்கிக் கைகூப்பினேன். ஒரு கையில் மாவுக்கட்டு. கூப்பிய கை அரைகுறையாகவே இருந்தது.

நல்லதம்பி எழுதி முடித்து, “இரண்டு அடிக்கும் காரணம் இருக்கு. சரி, முடிச்சுக்கலாம்,” என்றார்.

அப்போது அஞ்சுகம் எழுந்தாள்.

“சார், நானும் ஒண்ணு சொல்லணும்.”

“உனக்குச் சாதகமா முடிஞ்சிருச்சும்மா. உட்காரு.”

“ஐயா முழுசாச் சொல்லிட்டாங்க. நான் பாதி சொல்லிட்டு உட்கார முடியாது சார். ரெண்டாவது அடியில… கோபமும் இருந்துச்சு. அந்த வார்த்தை காதுல ஓடிட்டிருந்துச்சு. கை உள்ள போனதாலதான் அடிச்சேன். ஆனா கோபம் இல்லாம அடிச்சிருந்தா எலும்பு முறிஞ்சிருக்காதோன்னு தினமும் நினைக்கிறேன்.”

பரஞ்சோதியின் முகத்தில் வழக்கறிஞர் விழித்துக்கொண்டதைக் கண்டேன். தையல்நாயகி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். வழக்கறிஞர் மீண்டும் உறங்கிப்போனார்.

நல்லதம்பி பேனாவை மூடினார். “கை உள்ள போச்சா?”

“போச்சு சார்.”

“சக்கரம் எவ்வளவு தூரம்?”

“ஒரு சாண்.”

“கையை எடுத்ததுக்கப்புறம் அடிச்சியா?”

“இல்ல சார்.”

“அப்ப தேவை நின்னதும் நிறுத்தியிருக்க. அந்த இடத்துல கோபத்தை வடிகட்டி எடுத்துட்டு மிச்சத்தை மட்டும் ஓங்குறதுக்கு நேரமில்ல. ஆனா நீ சொன்னதையும் எழுதுறேன்.” எழுத்தரிடம் திரும்பி, “எழுதுங்க. ரெண்டு பேரும் சொன்னதை ஒரு வார்த்தை விடாம,” என்றார்.

வெளியே வரும்போது தையல்நாயகி, “தள்ளிப் போன்னு சொன்னீங்களா அவளை?” என்று கேட்டாள்.

“சொன்னேன்.”

“இன்னிக்கு ராச்சாப்பாடு நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க,” என்று நடந்தாள். அதுவும் தேவைக்கு மேற்படாத தண்டமே.

சித்திரை 25, புதன்

கடைத்தெருவில் நான் நடந்தால் கடைகளில் வேப்பங்குச்சி என்னும் சொல் கேட்கிறது. பதில் வணக்கம் சொல்லிப் பழகுகிறேன். சுவரொட்டியில் என் படத்தின் மீது எவரோ ஆறு பற்களைக் கரியால் வரைந்திருக்கிறார்கள். எண்ணிக்கை சரி.

வைகாசி 4, சனி

ஆணை வந்தது. அஞ்சுகத்தின் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அவள் மீண்டும் பணியில் சேர்ந்துவிட்டாள். ஆணையின் இறுதியில் ஒரு பரிந்துரை: தேரோட்டத்தின்போது அறிவிப்பாளர் உட்பட எவரையும் கயிற்று வேலிக்குள் அனுமதிக்கலாகாது. முப்பத்தோராண்டு நான் ஊருக்கு உரைத்ததை அரசு எனக்கு எழுத்தில் உரைத்திருக்கிறது. கோயில் நிர்வாகம் ஒலிவாங்கியைக் கலியமூர்த்தியிடம் கொடுத்துவிட்டது. அவர் குரல் கரகரப்பு. நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

வைகாசி 10, வெள்ளி

இன்று நெல்லழகி அம்மையின் சிறுதேர். வெயில் இதமாயிருந்தது. ஊரோடு நானும் கயிற்றுக்கு வெளியே நின்றேன். பதிகம் நெஞ்சுக்குள் ஓடியது.

தெற்கு வீதித் திருப்பத்தில் கயிற்றைப் பிடித்து நின்ற காவலர்களில் அஞ்சுகமும் ஒருத்தி. தடி இடையில் தொங்கியது. அம்மை அருகே வந்தாள். மல்லிகையும் சந்தனமும் மணந்தன. கண்ணீர் திரையிட, என்னையறியாமல் ஓர் அடி முன்னே வைத்தேன். கயிறு என் முழங்காலில் பட்டது.

“ஐயா, கயிறு,” என்றாள் அவள். குரல் உயரவில்லை. முகத்தைக்கூட முழுதும் திருப்பவில்லை.

பின்வாங்கினேன். தேர் நிதானமாகக் கடந்து சென்றது.

இவ்வேட்டை என்றேனும் எடுத்துப் படிக்கும் அன்பரே, நீர் எவராயினும் உம் இல்லத்தில் அடுப்பும் விளக்கும் குளிராதிருக்கட்டும். உம் மக்கள் ஒருவரையொருவர் முதற்சொல்லிலேயே கேட்டுக்கொள்ளட்டும். உம்மைக் காக்க நீளும் கை எதுவாயினும் அதை உதறாத அறிவைச் செங்கழனிநாதர் உமக்கும் எனக்கும் அருளட்டும். உம் வாசலில் வந்து நிற்பவர் எவரும் தள்ளிப் போ என்னும் சொல்லைக் கேளாமல் உண்டு மகிழ்ந்து திரும்பட்டும். வாழ்க நும் குடி. வளர்க நும் கிளை.